உங்களுக்குத் தெரியுமா? பாட்டு பத்திரம், பேர் பத்திரமா?

ரயிலில் போகிறவர்களுக்குப் பூதலூர், தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் நடுவில் ஒரு ஸ்டேஷன். சங்கீதம் கேட்கிறவர்களுக்குப் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள். அவர் வாசித்த கோட்டு வாத்தியத்தில் மெட்டுகள் கிடையாது. தந்தி மேல் கட்டையை வழுக்கியே ஸ்வரம் பிடிக்க வேண்டும். அப்படி வழுக்கிப் போகும் கமகத்தை சி.டி.க்காக விநாடிக்கு 44,100 புள்ளிகளாக்கினால் படிப்படியாகக் கேட்காதா? கேட்காது. 22,050 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி முழுவதையும் அந்தப் புள்ளிகளிலிருந்தே திரும்ப எழுப்பிவிடலாம். நம் காதுக்கு எட்டுவதே 20,000 வரைதான்.

*

சி.டி.யிலிருந்து எடுத்த வேவ் ஃபைல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்.பி. அதை 'ஃபிளாக்' என்ற சுருக்கிய வகை ஃபைலாக்கினால் பெரும்பாலும் அதில் பாதி, அல்லது சற்று மேலே. ஒலியில் ஒரு பிட்கூடக் குறையாது. முந்தைய புள்ளிகளை வைத்து அடுத்த புள்ளியை ஊகித்து, ஊகம் எவ்வளவு தப்பியது என்பதை மட்டும் ஃபிளாக் எழுதி வைக்கிறது. அந்த மிச்சத்தைச் சுருக்கும் முறைக்கு 'ரைஸ்' முறை என்று பெயர். டெல்டாக்காரர்கள் சொந்தம் கொண்டாட வேண்டாம். நாசாவின் ஆய்வுக்கூடத்தில் இருந்த ராபர்ட் ரைஸ் என்பவரின் பெயர் அது.

*

ஃபிளாக்கில் 0 முதல் 8 வரை எண் கேட்கும். அது தரம் அல்ல. 8 போட்டால் கன்வர்ட் ஆக நேரம் பிடிக்கும், ஃபைல் கொஞ்சம் சின்னதாகும், பாட்டு ஒன்றேதான்.

*

மோனோ கச்சேரியை இரண்டு பக்கமும் அப்படியே நகலெடுத்து 'ஸ்டீரியோ' என்று வைத்திருக்கிறீர்களா? வேவ் இரண்டுக்கும் இடம் கேட்கும். ஃபிளாக் இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறது. வித்தியாசம் பூஜ்யம் என்றால் இரண்டாவது பக்கத்துக்கு இடம் ஏறக்குறைய தேவையே இல்லை. ஆனால் பழைய தட்டின் இரைச்சலிடம் அதன் சாமர்த்தியம் செல்லாது. இரைச்சலை யாராலும் ஊகிக்க முடியாது. அதனால் அதே பாட்டின் கரகரப்பான பிரதிதான் அதிக இடம் பிடிக்கும்.

*

எம்பி3-ஐ ஃபிளாக் ஆக்கினால் ஃபைல் பருக்கும். போன ஒலி திரும்பாது. ஒரு ஃபிளாக் எம்பி3-யிலிருந்து வந்ததா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 128 கே.பி.பி.எஸ். எம்பி3-யில் ஏறக்குறைய 16,000 ஹெர்ட்ஸுக்கு மேலே பெரும்பாலும் வெட்டப்பட்டிருக்கும். ஸ்பெக்ட்ரம் படத்தில் அது கோடு கிழித்தாற்போல் தெரியும். 78 ஆர்.பி.எம். தட்டிலிருந்து எடுத்து இரைச்சலை வடிகட்டிய நாகஸ்வரத்துக்கு மட்டும் இந்தச் சோதனை சரிப்படாது. மூலப் பதிவே அந்த உயரத்தை எட்டியதில்லை.

*

ஃபிளாக் 1.0 வந்தது 2001-ல். அதேபோல் ஒலியைக் குறைக்காமல் சுருக்கும் ஆப்பிளின் அலாக் 2004-ல் வந்தது; 2011-ல் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை தடவை மாற்றினாலும் ஒலி தேயாது. தேயுமிடம் வேறு. கன்வர்ட் பண்ணும்போது '16 பிட், 44.1' என்று ஏற்கெனவே டிக் ஆகியிருந்தால், உங்கள் 24 பிட் பதிவு சத்தமில்லாமல் இளைத்துவிடும். இப்போதைய சில கையடக்க ரெக்கார்டர்கள் பதியும் '32 பிட் ஃப்ளோட்' வகையையும் ஃபிளாக் அப்படியே ஏற்காது. அதற்கு வேவ்பேக் என்ற வகை இருக்கிறது.

*

சாதாரண வேவ் ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டாது. சி.டி. தரத்தில் அது ஆறே முக்கால் மணி நேரம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் இரண்டு மணி நேரம் சொச்சம்தான். திருவையாறு ஆராதனையை நாள் முழுக்கப் பதிய நினைப்பவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டு போகவும்.

*

என்னைக் கேட்டால், ஒலியைப் பற்றிய கவலை வீண், தொலைவது விவரம். ஃபிளாக்கில் ராகம், தாளம், பக்கவாத்தியம் என்று நீங்களே தலைப்பு வைத்துக்கொள்ளலாம். தலைப்பு ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும், விவரம் தமிழில் இருக்கலாம். அதையே வேவ் ஆக்கினால் இவற்றில் பெரும்பாலானவை காணாமல் போகும். அலாக்குக்குப் போனாலும் நீங்கள் சொந்தமாக வைத்த தலைப்புகள் வந்து சேரும் என்று நம்பக்கூடாது.

ஃபைல் பெயரிலேயே எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்கிறீர்களா? 'திருவையாறு' நம் கணக்கில் ஐந்தெழுத்து. யுனிகோடில் துணைக்குறிகள் தனியாக எண்ணப்படுவதால் 10. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 30. லினக்ஸ் ஹார்டு டிஸ்க்கில் ஒரு ஃபைல் பெயருக்குப் பொதுவாக 255 பைட்தான். விண்டோஸ் ஏற்றுக்கொண்ட நீளமான தமிழ்ப் பெயருள்ள ஃபைல், அங்கே காப்பி ஆக மறுப்பது இதனால்தான்.

*

எல்லாவற்றையும் கன்வர்ட் செய்து முடித்தாயிற்றா? ஃபிளாக் ஃபைலுக்குள்ளேயே மூல ஒலியின் எம்டி5 முத்திரை எண் இருக்கிறது. 'டெஸ்ட்' கொடுத்தால் ஒலி சரியா என்று அதுவே சொல்லிவிடும். ராகத்தின் பெயரைச் சரிபார்க்க அப்படி எந்த முத்திரையும் இல்லை. பழைய ஃபைல்களை அழிப்பதற்கு முன் நாலைந்தைத் திறந்து நீங்களே பார்த்துவிடுங்கள்.