நேரமில்லாதவரின் நெடும்பயணம்

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏ-9 நெடுஞ்சாலை வழியே 80 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரம். பேருந்தில் அமர்ந்தவருக்கு அது ஒரு சிறு உறக்கத்தின் அளவு. சைக்கிளில் ஏறியவருக்கோ அரை நாள். அந்த அரை நாளைத் தாங்கும் உடலை, வாரத்தில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க இயலாத ஒருவர் எவ்வாறு ஆக்கிக்கொள்ளலாம் என்பதே இன்று நேயர்களுடன் பேச நான் எடுத்துக்கொண்ட பொருள். நான் கலைப் பட்டதாரி; உடற்றொழிலியல் கற்றவன் அல்லன். ஆயினும் இவ்வீதியில் ஒருமுறை தோற்றவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

துவிச்சக்கரவண்டி என்று பாடநூலும், ஈருருளி என்று தனித்தமிழ் அன்பர்களும், சைக்கிள் என்று மற்றெல்லோரும் சொல்லும் இவ்வாகனம் எங்கள் இளமைக்கால வன்னியில் விளையாட்டுப் பொருளாக இருந்ததில்லை. 1990களில் எரிபொருள் தடைப்பட்டிருந்த வேளையில் நெல்மூட்டையையும் விறகையும் நோயாளியையும் சுமந்தது அதுவே. அத்தனை தூரம் மிதித்தவர்களாகிய நாங்கள் வவுனியா வீதியை மட்டும் முனைக்கு முனை மிதித்ததில்லை. ஓமந்தைப் பக்கத்தில் போரின் எல்லை குறுக்கே கிடந்தது. 2002 இல் வீதி திறந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டோம். 2006 இல் அது மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்து வீதி செப்பனிடப்பட்ட பின்னரோ, எனக்கு வயது ஏறிவிட்டது. கூடவே இரத்தத்தில் சர்க்கரையும். 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில் நாடே வரிசையில் நின்றபோது, கொட்டிலில் தொங்கிய பழைய சைக்கிளை இறக்கிப் பாடசாலைக்கு ஓட்டத் தொடங்கினேன். அப்போது பிறந்ததே இந்த வீதியை ஒருநாள் முழுதாகக் கடக்கவேண்டும் என்னும் ஆசை.

முதல் முயற்சியை ஒரு விடுமுறையில் செய்தேன். நாள்தோறும் 6 கிலோமீற்றர் ஓட்டுகிறவனுக்கு இது பெரிதா என்று எண்ணி, காலை 7 மணிக்கு, வெறுந்தேநீர் மட்டும் அருந்தி வவுனியாவிலிருந்து புறப்பட்டேன். இளைஞர் இருவர் என்னைக் கடந்து சென்றனர். அவர்களை விடாது பின்தொடர்ந்தேன். புளியங்குளத்தைத் தாண்டியபோது மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் வேகம் வந்திருப்பதைக் கணக்கிட்டு மகிழ்ந்தேன். கனகராயன்குளத்தை அண்மியபோது அந்த மகிழ்ச்சி தீர்ந்தது. கால்களில் நோவு என்று எதுவும் இல்லை. அவற்றில் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. தலை சுழன்றது. வேப்பமர நிழலொன்றில் அமர்ந்துவிட்டேன். அவ்வழியே வந்த உழவர் ஒருவர் தமது லாண்ட்மாஸ்ரர்ப் பெட்டியில் சைக்கிளையும் என்னையும் ஏற்றி மாங்குளத்தில் இறக்கினார். “ஐயா, பெடியளோடை போட்டிக்கு ஓடினியளோ?” என்று அவர் கேட்டார். நான் விடை கூறவில்லை.

நடந்தது என்னவென்று பின்னர் நூல்களைப் பார்த்தே விளங்கிக்கொண்டேன். நமது தசைகளும் ஈரலும் மாச்சத்தைக் கிளைக்கோசன் என்னும் வடிவில் சேமித்து வைக்கின்றன. விரைந்து ஓட்டினால் அச்சேமிப்பு ஒன்றரை மணி அல்லது இரண்டு மணி நேரத்தில் வற்றிவிடும். கொழுப்போ மெலிந்தவர் உடலிலும் நாட்கணக்கில் போதுமான அளவுக்கு இருக்கிறது. ஆனால் அது மெதுவாகவே எரியும். மூச்சு வாங்காத வேகத்தில் செல்பவர் கொழுப்பையே பெரிதும் எரித்துக் கிளைக்கோசனைக் காப்பாற்றுகிறார். நானோ புளியங்குளத்துக்குள்ளேயே கைமுதலைச் செலவிட்டுவிட்டேன்.

வேகத்தைப் பற்றி இன்னுமொரு கணக்கு உண்டு. சமதரையில் சைக்கிளோட்டியின் முதற் பகைவன் காற்று. காற்றை வெட்டிச் செல்லத் தேவையான வலு வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பப் பெருகுகிறது. ஆகவே மணிக்கு 20 கிலோமீற்றரிலிருந்து 15 ஆகக் குறைத்தால் அந்த வலுவிற் பாதிக்குமேல் மிச்சமாகும். மெதுவாகச் செல்வது இழுக்கு என்று எண்ணுவோர் பிரான்சு நாட்டைப் பார்க்கலாம். பாரிஸ் நகரிலிருந்து பிரெஸ்ற் துறைமுகம் சென்று மீளும் 1,200 கிலோமீற்றர் ஓட்டம் 1891 இல் பந்தயமாகத் தொடங்கிற்று. இக்காலத்தில் அது 90 மணி நேரத்துக்குள் முடித்தாற் போதும் என்னும் பயணமாக நடைபெறுகிறது. அவ்வகைப் பயணங்களில் மிகச் சிறியதாகிய 200 கிலோமீற்றருக்கு அவர்கள் தரும் எல்லை பதின்மூன்றரை மணி. ஓய்வையும் உணவையும் சேர்த்து வகுத்துப் பார்த்தால் மணிக்கு 15 கிலோமீற்றர்கூட வரவில்லை. நம்மூர் வாத்தியாரின் வேகமே உலகத்து நெடும்பயணிகளின் வேகமும் ஆகும்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். அதிபர் ஒருவரின் நாள் அவருடையதன்று. வலயக் கல்வி அலுவலகத்தினதும் பெற்றோரினதும் மழையில் ஒழுகும் கூரையினதும் ஆகும். எனக்குக் கிடைத்தவை செவ்வாயும் வியாழனும் விடிகாலையில் 40 நிமிடங்களும், ஞாயிறு முற்பகலுமே. இவை போதும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஓட்டினால் போதா.

குறுகிய நாட்களில் சற்றுக் கடுமை வேண்டும். பத்து நிமிடம் உடலைச் சூடாக்கியபின், ஒரு சொல் இரு சொல் மட்டுமே பேசத்தக்க வேகத்தில் நான்கு நிமிடம். மூன்று நிமிடம் ஆறுதல். இவ்வாறு மூன்று அல்லது நான்கு தடவை. இப்பயிற்சியால் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் குருதியின் அளவு கூடுகிறது. நான் இதற்கு இரணைமடு நோக்கிய வீதியைத் தேர்ந்தேன். சோளகம் வீசும் மாதங்களில் அங்கே எதிர்காற்றுக்குப் பஞ்சமில்லை. மேடற்ற நாட்டில் காற்றே நமது மலை. நாற்பது வயதைக் கடந்தவர்களும், இரத்த அழுத்தம், நீரிழிவு, நெஞ்சுநோவு ஆகியவற்றில் ஒன்றேனும் உள்ளவர்களும் மருத்துவரைக் காணாமல் இக்கடும் பகுதியைத் தொடங்கலாகாது. நீரிழிவுக்கு மருந்து எடுப்போர் நெடுந்தூரம் ஓட்டுகையில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடக்கூடும். மருந்தின் அளவையும் வேளையையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும். நானும் கேட்டே தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் இதற்கு நேர்மாறு. அருகில் வருபவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே செல்லும் வேகம் அது. பேச்சு முறிந்தால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். மெதுவான இவ்வோட்டத்திற்றான் தசைகளில் நுண்ணிய குருதிக் குழாய்கள் பெருகுகின்றன. கொழுப்பை எரிக்கும் இழைமணிகள் பெருகுகின்றன. முதல் ஞாயிறு 20 கிலோமீற்றர் ஓட்டினேன். பின்னர் 25, 30 என ஏற்றி, நான்காம் வாரம் 22 ஆக இறக்கினேன். உடல் வலுப்பெறுவது ஓட்டும்போதன்று, ஓய்ந்திருக்கும்போதே என்பதால் அந்த இறக்கத்தைச் சோம்பல் என்று கொள்ளவேண்டாம். மீண்டும் 35, 40, 45, ஓர் இறக்கம், பின்னர் 50, இறுதியாக 60. பரந்தனில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் விசுவமடுப் பக்கம் சென்று மீள்வதில் இத்தூரங்கள் எல்லாம் அடங்கின. முழுத்தூரத்தையும் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. நான்கில் மூன்று பங்கு வந்தவருக்கு எஞ்சிய பங்கை அன்றைய உற்சாகம் தரும். கடைசி வாரம் மிகக் குறைவாக ஓட்டி, நன்றாக உறங்கினேன். தவறிய ஞாயிறுகளும் இருந்தன. தவறியதை அடுத்த வாரத்தில் இரட்டிப்பாக்க முயன்ற ஒருமுறை முழங்கால் பிடித்துக்கொண்டது.

முழங்கால் என்றதும் ஆசனத்தின் உயரம் நினைவுக்கு வருகிறது. நம்மவரிற் பெரும்பாலோர் காலூன்ற வசதியாக ஆசனத்தைத் தாழ்த்தி வைத்திருப்பர். மிதி அடிப்பக்கம் வந்தபோது அதன்மேல் குதிக்காலை வைத்தால் கால் நேராக நீளவேண்டும். பின் விரலடியால் மிதிக்கும்போது முழங்கால் சிறிதே மடியும். ஒரு திறப்பும் ஐந்து நிமிடமும் போதுமான இத்திருத்தம் எனக்கு ஒரு மாதப் பயிற்சிக்கு நிகரான பயனைத் தந்தது. ரயரில் காற்று இறுக்கமாக இருத்தல், சங்கிலிக்கு எண்ணெய், ரியூப் ஒட்டும் பொருட்கள், கைப்பம்பு ஆகியவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை.

உணவை மட்டும் விரித்தே சொல்லவேண்டும். பசித்தபின் உண்பதும் தாகித்தபின் குடிப்பதும் வீட்டுக்குப் பொருந்தும். பயணத்துக்குப் பிந்திவிட்ட செயல். முதல் ஒரு மணி முடியுமுன்பே உண்ணத் தொடங்கவேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து உடலுக்குத் தேவை. பெரிய வாழைப்பழம் இரண்டு, அல்லது ஒரு பழமும் சிறு துண்டு பனங்கட்டியும் ஏறத்தாழ அவ்வளவைத் தரும். வெயிலில் மணிக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் நீர் அருந்தவேண்டும். வியர்வையில் உப்பும் போவதால் வெறும் நீரையே மிகையாகக் குடிப்பதும் தீங்கு. உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணீர் நம் வீடுகளில் நெடுங்காலமாக இருக்கிறது. கடையில் விற்கும் வண்ணப் பானங்களைவிட அதையே நான் விரும்புவேன்.

இரண்டாம் முயற்சி சோளகக் காலத்தில் அமைந்தது. வவுனியா கிளிநொச்சியைவிட உயர்ந்த நிலம். தென்மேற்குக் காற்றும் முதுகைத் தள்ளும். ஆகவே வடக்கு நோக்கி ஓட்டுவதே அறிவு. வாடைக் காலத்திலோ காற்றுக் கணக்குத் தலைகீழாகும். புட்டும் வாழைப்பழமும் உண்டு, விடியுமுன் 4.45 க்கு முன்விளக்கும் பின்விளக்கும் எரியப் புறப்பட்டேன். அந்நேரத்தில் தார்வீதியின் சூட்டுக்காக மாடுகள் நடுவீதியில் படுத்திருக்கும்; விளக்கு நமக்கு வழிகாட்ட மட்டுமன்று. இம்முறையும் இளைஞர் சிலர் கடந்து சென்றனர், வாழ்த்தி அனுப்பினேன். ஓமந்தையைக் கடந்தபோது மட்டும் இறங்கி, இரண்டு நிமிடம் நின்று, மீண்டும் ஏறினேன். கனகராயன்குளத்து வேப்பமரத்தில் நிற்கவில்லை. மாங்குளத்தில் இடியப்பம். முறிகண்டியில் வாகனம் எதுவும் பிள்ளையாரை வணங்காது செல்வதில்லை. என் வாகனமும் நின்றது. அங்கே விற்கும் வறுத்த கச்சான் பயணிக்குச் சிறந்த உணவு என்று சொல்ல ஆசைதான். ஆனால் அது சமிக்க நேரமெடுக்கும். ஒரு பொட்டலம் வாங்கிக் கரியரில் கட்டிக்கொண்டேன். 11 மணிக்குச் சற்று முன்னர் கிளிநொச்சியில் வீட்டுப் படலையைத் திறந்தேன்.

எங்கள் விஞ்ஞான ஆசிரியை ஒருவர் வரும் விடுமுறையில் தாமும் வருவதாகச் சொல்கிறார். நான்கு வாரமே இருக்கிறது. மாங்குளம் வரைக்கும் போதும், அங்கிருந்து பேருந்தில் ஏறுங்கள் என்றேன். “அப்ப முறிகண்டிக் கச்சான்?” என்று கேட்டார். பேருந்தும் அங்கே நிற்கும் என்றேன்.