தன் கருவியைத் தானே செய்த தச்சர்

நமது பங்கின் கிளைக் கிராமம் ஒன்றில் வாழ்ந்து மறைந்த முதிய தச்சர் ஒருவரை இங்கு நினைவுகூர விரும்புகிறோம். வாசக மேடை முதல் பாடகர் குழுவினர் அமரும் விசுப்பலகை வரை, நமது கோவிலில் மரத்தால் ஆனவை பெரும்பாலும் அவர் கைபட்டவையே. அவருடைய கருவிப் பெட்டியைத் திறந்தால், கடையில் வாங்கியவை என்று சொல்லத்தக்கவை வாள்களும் அரங்களும் மட்டுமே. இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், கோடு கீறும் கட்டை, உளிகளின் பிடிகள் ஆகிய அனைத்தும் அவரே இளமையில் செய்துகொண்டவை. கைபட்டுக் கறுத்த அந்த மரங்களில் பித்தளைப் பூண்கள் பொன்போல் மின்னும்.

அவர் இறந்த முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும் அவருடைய மனைவி நம்மிடம் வந்தார். "சாமி, அந்தப் பெட்டி இடத்தை அடைச்சிக்கிட்டுக் கிடக்குது. என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். திருவிழாக் கணக்கில் மூழ்கியிருந்த நாம், தலை நிமிராமலே, "உங்கள் விருப்பப்படி செய்யுங்கள், அம்மா" என்று சொல்லிவிட்டோம். பழைய சாமான் வாங்குபவர் வந்தார். இரும்பும் பித்தளையும் எடைக்குப் போயின. மரம் அடுப்புக்குப் போயிற்று.

சில திங்கள் கழித்து, ஓசூரில் தொழிற்சாலை வேலை பார்க்கும் அவருடைய பேரன் விடுமுறையில் வந்தான். "தாத்தா இழைப்புளியை எனக்குத் தர்றதாச் சொல்லியிருந்தாரு, சாமி. வீட்டுல காணோம். உங்ககிட்டக் கொடுத்தாங்களா?" என்று கேட்டான். நாம் விடை சொல்ல இயலாமல் நின்றோம். ஒரு குடும்பத்தின் செல்வம் நமது ஒரு சொல்லால் அழிந்ததை அன்றுதான் உணர்ந்தோம்.

தொன்மையான மரபு

கருவியைத் தானே செய்துகொள்வது தச்சுத் தொழிலின் தொன்மையான மரபு. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பேயி நகரில் உரோமைத் தச்சர்களின் இழைப்புளிகள் கிடைத்துள்ளன. 1545-ல் மூழ்கிய 'மேரி ரோஸ்' என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலில் தச்சர்களின் கருவிகள் பல அகப்பட்டன. அவற்றின் இரும்பு துருவேறி அழிந்துபோக, மரத்தாலான பகுதிகள் நானூறு ஆண்டுகளுக்கு மேல் கடலடியில் கிடந்தும் நிலைத்திருந்தன. கடல்நீர் விட்டுவைத்ததை நம் வீட்டு அடுப்பு ஒரே மாலையில் சாம்பலாக்கியதே என்பதுதான் நமது வருத்தம்.

நமது மண்ணும் இதில் பின்தங்கியதன்று. 2004 வரை தருமபுரி மாவட்டத்தின் பகுதியாக இருந்த கிருஷ்ணகிரிச் சீமையில், மயிலாடும்பாறை என்னும் ஊரில் அகழ்ந்தெடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 எனத் தமிழக அரசு 2022-ல் அறிவித்தது. உளிக்கும் வாளுக்கும் வேண்டிய இரும்பை நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்த பூமி இது.

மின்சாரக் கருவிகள் மலிந்த இந்நாளில் இது எதற்கு என்று சிலர் வினவலாம். ஜேம்ஸ் கிரெனோவ் என்னும் புகழ்பெற்ற தச்சர், சைபீரியாவில் 1920-ல் பிறந்து, சுவீடனில் தொழில் கற்று, அமெரிக்காவில் ஆசிரியராக விளங்கி 2009-ல் மறைந்தவர். இரும்பு இழைப்புளிகள் கடைகளில் குவிந்து கிடந்த காலத்திலும் அவர் மரத்தில் தாமே செய்தவற்றையே விரும்பிக் கையாண்டார். மாணவர்களுக்கும் அதனையே கற்பித்தார். தன் கைக்கும் தன் வேலைக்கும் இசைந்த கருவியைத் தானே அமைத்துக்கொள்ளலாம். பழுதுபட்டால் தானே திருத்தலாம் என்பதே அதன் பயன்.

மரத்தைத் தேடி

பேரனின் மனக்குறையை நீக்க ஒரு வழி தேடினோம். பக்கத்து ஊரில் ஆசாரி ஒருவர் இருந்தார். சமயத்தால் வேறானவர், தொழிலால் நமது தச்சரின் நெடுநாள் தோழர். மே மாத விடுமுறையில் நமது பங்கு இல்லத்துத் தாழ்வாரத்தில் பேரனுக்கும் வேறு மூன்று சிறுவர்களுக்கும் அவர் பயிற்சி அளித்தார்.

"கடைக்குப் போக வேண்டாம், ஊரைச் சுற்றிப் பாருங்கள்" என்றார் முதலில். உடைந்த மாட்டுவண்டிச் சக்கரம் ஒன்று கிடைத்தது, கருவேல மரம். பழைய புளியங்கட்டை ஒன்றும், இடிந்த வீட்டின் நிலைச்சட்டமும் கிடைத்தன. அந்தச் சட்டம் ஆச்சா மரம். பென்னாகரம், ஒகேனக்கல் பக்கத்துக் காடுகளில் வளரும் ஆச்சாவின் வைரம், நீரில் இட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமானது. பச்சை மரத்தில் செய்த கருவி காயும்போது முறுக்கிக்கொள்ளும். ஓர் அங்குலக் கனத்திற்கு ஓராண்டு உலர வேண்டும் என்பது பழைய கணக்கு. பல பத்தாண்டு உலர்ந்த பழைய மரத்தில் அந்த அச்சம் இல்லை; உயிருள்ள மரத்தை வெட்டவும் வேண்டியதில்லை.

நான்கு கருவிகள்

முதலில் புளியங்கட்டையில் கொட்டாப்புளி. புளியின் இழைகள் பின்னிக் கிடப்பதால் எளிதில் பிளவாது. தலையிலுள்ள துளையைக் கீழே குறுகலாகவும் மேலே அகலமாகவும் வெட்ட வேண்டும். பிடியை மேலிருந்து செருகினால், ஒவ்வொரு வீச்சிலும் அது மேலும் இறுகும். ஆணி தேவையில்லை.

இரண்டாவது, உளிப்பிடி. அடிபடும்போது பிடி பிளக்காமல் காப்பது பித்தளைப் பூண். பழைய பித்தளைக் குழாயில் அரை அங்குலம் அறுத்து, பிடியின் முனையைக் குழாயின் துளையைவிட மயிரிழை பருமனாக அரத்தால் சீவி, தட்டி ஏற்ற வேண்டும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை, இரும்பைப்போல் துருப்பிடிக்காது. அரத்திற்கும் எளிதில் இணங்கும். கோடு கீறும் கட்டையிலும் இதற்கு வேலை உண்டு. பலகையின் ஓரத்தில் ஓயாமல் உரசும் அதன் முகம் நாளடைவில் குழிந்துவிடும். அதனால் முகத்தில் இரண்டு பித்தளைப் பட்டைகளைப் பதித்தார் ஆசாரி.

மூன்றாவது, இழைப்புளி. ஆச்சாச் சட்டத்தில் பத்து அங்குல நீளத் துண்டை எடுத்து, நெடுக்காக அறுத்து மூன்று பலகைகளாக்கினார்கள். நடுப்பலகையை 45 பாகைச் சரிவில் வெட்டி, அலகு சாயும் இடத்தை அமைத்து, மூன்றையும் மீண்டும் பசையிட்டு ஒட்டினார்கள். குறுக்கே ஒரு பித்தளைத் தண்டு. அதற்கும் அலகுக்கும் இடையே மர ஆப்பு. அலகைக் கொல்லர் ஒருவர் வண்டி வில்பட்டையில் அடித்து, துவைச்சல் கொடுத்துத் தந்தார். கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து, அடிப்பாகத்தைத் தேய்த்துச் சமன் செய்தார்கள். அலகின் முன்னுள்ள வாய், சுருள் வெளிவரும் அளவுக்கு மட்டும் குறுகியிருக்க வேண்டும். அகன்றால் மரம் பிய்ந்து வரும்.

நான்காவது மூலைமட்டம். இங்கேதான் பேரன் இடறினான். அவன் செய்தது பார்வைக்கு அழகாகவே இருந்தது. ஆசாரி அதனை ஒரு நேரான பலகையின் ஓரத்தில் பொருத்திக் கோடு ஒன்று இழுத்தார். பின் மட்டத்தைப் புரட்டி வைத்து, அதே புள்ளியிலிருந்து மறு கோடு இழுத்தார். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை. மேலே போகப்போக விலகின. "மட்டத்துல இருக்கிற கோணல் இங்க ரெண்டு மடங்காத் தெரியும், தம்பி. இதை வச்சுச் செய்ற கதவெல்லாம் கோணலாத்தான் வரும்" என்றார். பேரன் முகம் வாடினான். பசையைப் பிரித்து மீண்டும் செய்தான், அதுவும் தவறிற்று. மூன்றாம் முறை இரண்டு கோடுகளும் ஒன்றாயின. தாழ்வாரத்தில் கூடியிருந்த சிறுவர்கள் கைதட்டினார்கள்.

விடுமுறையின் கடைசி நாள், மழைக்காலந்தோறும் இறுகிக்கொள்ளும் நமது சக்கிறீஸ்துக் கதவை அவன் தன் இழைப்புளியால் சீவிச் சரிசெய்தான். மெல்லிய சுருள்கள் தரையில் விழுந்தன. அவனுடைய பாட்டி அவற்றில் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாதிருந்தார்.

அன்புப் பெற்றோரே! தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளை மே முதல் நாளில் கொண்டாடத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-ல் வகுத்தார். அடுத்த மே முதல் நாளில் உங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை பாருங்கள். தச்சரோ கொல்லரோ நெசவாளரோ, முன்னோர் விட்டுச்சென்ற பெட்டி ஏதேனும் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். வீட்டு முதியவரை அருகில் அமர்த்தி, எந்தக் கருவி எதற்கு என்று பிள்ளைகள் முன்னிலையில் கேளுங்கள். இயன்றால் ஒரு கொட்டாப்புளியையாவது அவர்களைச் செய்யச் சொல்லுங்கள். பங்குக் குருவிடம் வந்து ஆலோசனை கேட்டால், இனி நாம் கணக்கேட்டை மூடி வைத்துவிட்டே விடை சொல்வோம்.