சாதனங்களின் அடையாளமும் கணனியின் பாதுகாப்பும்

கணனியுடன் இணைக்கப்படும் சாதனத்துக்கும் பயன்பாட்டு மென்பொருளுக்கும் இடைநின்று தொடர்பை ஏற்படுத்துவது செலுத்தி எனப்படும் மென்பொருளாகும். 1996 இல் அறிமுகமான யூ.எஸ்.பி. முறையில், சாதனம் தான் யாதென்பதைத் தானே அறிவிக்கின்றது. அவ்வறிவிப்பை ஏற்றே பணிசெயல் முறைமை உரிய செலுத்தியைத் தெரிவுசெய்கின்றது. அறிவிப்பு மெய்யானதா எனச் சோதிக்கும் ஏற்பாடு அம்முறையின் மூல அமைப்பில் இடம்பெறவில்லை.

இக்குறைபாட்டின் விளைவை 2014 இல் ஜேர்மனிய ஆய்வாளர்களான கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் ஆகியோர் செய்துகாட்டினர். உள்நிரல் மாற்றியெழுதப்பட்ட நினைவகக் கோலொன்று, தன்னை விசைப்பலகை என அறிவித்துக் கட்டளைகளை அனுப்பியது. கணனியோ அவற்றைப் பயனர் இட்டனவாகவே கொண்டது. கோப்புகளை மாத்திரம் ஆராயும் நச்சுநிரற் காப்பு மென்பொருளுக்கு இவ்வுள்நிரல் எட்டாததாகும்.

ஆகவே, சாதனம் இணைந்தவுடன் செலுத்தியை இயங்கவிடாது, முன்னரே வகுத்த விதிகளின்படி இசைவு வழங்கிய பின்னரே இயங்கவிடுதல் வேண்டும். லினக்ஸ் முறைமைக்கான யூ.எஸ்.பி. கார்ட் என்னும் மென்பொருள் இப்பணியையே ஆற்றுகின்றது.