கழகம் நிலைத்தால் கால்பந்து வளரும்

இடப்பள்ளியில் மெட்ரோ ரயில் ஏறித் தெற்கே செல்பவர், மூன்றாவது நிலையத்தில் இறங்கினால் கலூர் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கை அடையலாம். 1996இல் திறக்கப்பட்ட இவ்வரங்கில், 2017இல் பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பை ஆட்டங்கள் நடைபெற்றன. கால்பந்தைக் காணத் திரளும் மக்களுக்கு இந்நகரில் என்றும் பஞ்சமில்லை. ஆயினும், கேரளத்தில் தோன்றிய இரு தொழில்முறைக் கழகங்கள் பத்தாண்டுகள்கூட நிலைக்கவில்லை. இதற்குக் காரணம் என்ன? இரண்டாம் நிலை லீக்கில் ஆடும் கழகங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அறிந்தால் விடை கிடைக்கும்.

நிறுவன அணிகளின் காலம்

1973இல் எர்ணாகுளத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ரயில்வே அணியை 3–2 என்று வென்று, கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைப் பெற்றது. அணித்தலைவர் மணி மூன்று கோல்களையும் போட்டார். அக்காலத்தில் இடப்பள்ளியை அடுத்துள்ள களமசேரியின் பிரீமியர் டயர்ஸ் போன்ற தொழிற்சாலை அணிகளே ஆட்டக்காரர்களை ஆதரித்தன. பின்னர் கேரளப் போலீஸ் அணி 1990, 1991 ஆகிய இரு ஆண்டுகளிலும் பெடரேஷன் கோப்பையை வென்றது.

இத்தகைய அணிகளில் ஆட்டக்காரர் ஓர் ஊழியர். அவருடைய சம்பளம் நுழைவுச்சீட்டு விற்பனையை நம்பியதன்று. தொழில்முறைக் கழகத்தின் நிலை வேறு. சம்பளம், பயணம், மைதானம், பயிற்சி ஆகிய அனைத்துச் செலவுகளையும் அது தானே ஈட்ட வேண்டும்.

வெற்றியும் வீழ்ச்சியும்

1996இல் தேசியக் கால்பந்து லீக் தொடங்கியது. மறு ஆண்டில் எப்.சி. கொச்சின் கழகம் உருவாயிற்று. ஐ.எம். விஜயன், ஜோ பால் அஞ்சேரி முதலிய முன்னணி ஆட்டக்காரர்கள் அதில் சேர்ந்தனர். தொடங்கிய ஆண்டிலேயே மோகன் பகானை வென்று டூராண்ட் கோப்பையைக் கைப்பற்றியது. கேரள அணியொன்று அக்கோப்பையைப் பெற்றது அதுவே முதல் முறை. ஆயினும் நிதி நெருக்கடியால், 2002உடன் அதன் கதை முடிந்தது.

2004இல் தோன்றிய விவா கேரளா, 2007இல் தொடங்கிய ஐ-லீக்கில் இடம்பெற்று, முதல் பருவத்திலேயே கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது; 2009இல் மீண்டும் மேலே வந்தது. பின்னர் பெயரும் உரிமையும் மாறி, 2012இல் கலைந்தது. 2018–19இல் கோயம்புத்தூரைத் தன் மைதானமாகக் கொண்டு ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி கழகத்துக்கும் 2020–21ஆம் பருவமே அந்த லீக்கில் இறுதியாயிற்று. கோப்பை மட்டும் கழகத்தைக் காப்பாற்றாது என்பதை இவை தெளிவாக்குகின்றன.

ஏணியின் படிகள்

இங்கிலாந்தில் 1888இல் 12 கழகங்களுடன் தொடங்கிய கால்பந்து லீக், 1892இலேயே இரண்டாம் பிரிவை ஏற்படுத்தியது. கீழே உள்ளவர் திறமையால் மேலேறவும், மேலே உள்ளவர் சோர்ந்தால் கீழிறங்கவும் வழி இருக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

நம் நாட்டில் 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கிற்கு நெடுங்காலம் இத்தகைய ஏணி இல்லை. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2019இல் ஏற்ற திட்டத்தின்படி, 2022–23 முதல் ஐ-லீக் இரண்டாம் நிலையாயிற்று. அதன் வெற்றியாளர் மேல் லீக்கிற்கு உயரும் வாய்ப்பும் அப்போதுதான் ஏற்பட்டது. அப்பருவத்தில் ரவுண்ட்கிளாஸ் பஞ்சாபும், அடுத்த பருவத்தில் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் உயர்ந்தன.

இங்கே கோகுலம் கேரளாவின் அனுபவம் கருதத்தக்கது. 2017இல் கோழிக்கோட்டில் தோன்றிய இக்கழகம் 2019இல் டூராண்ட் கோப்பையை வென்றது. 2020–21, 2021–22 ஆகிய இரு பருவங்களிலும் ஐ-லீக் பட்டத்தைப் பெற்றது. எனினும் உயர்வு விதி அடுத்த பருவத்தில்தான் நடைமுறைக்கு வந்ததால், அவ்விரு பட்டங்களும் மேல் லீக்கின் கதவைத் திறக்கவில்லை. ஏணி காலத்தில் அமையாவிடில் உழைப்பின் பயன் கைக்கு எட்டாது. இருப்பினும் அக்கழகம் தளரவில்லை. அதன் மகளிர் அணி இந்திய மகளிர் லீக் பட்டத்தை மும்முறை வென்றுள்ளது.

உரிமமும் வருவாயும்

தொழில்முறைக் கழகம் ஒவ்வொரு பருவத்துக்கும் உரிமம் பெற வேண்டும். இளையோர் பயிற்சி, மைதான வசதி, பணியாளரும் நிர்வாகமும், சட்ட ஒழுங்கு, நிதி நிலை ஆகிய ஐந்து துறைகளில் அது சோதிக்கப்படுகிறது. சம்பள பாக்கி வைத்துள்ள கழகம் இச்சோதனையில் தேறுவது கடினம். ஆட்டக்காரருக்கு இது ஒரு பாதுகாப்பாகும்.

வருவாய்க்கு நுழைவுச்சீட்டு, விளம்பர ஆதரவு, ஒளிபரப்பு உரிமை, ஆட்டக்காரர் மாற்றத் தொகை என நான்கு வழிகள் உண்டு. இரண்டாம் நிலையில் ஒளிபரப்பு வருவாய் குறைவு. 2024–25 ஐ-லீக்கில் ஸ்ரீநகர் முதல் ஐஸ்வால், கோழிக்கோடு வரை பரவிய 12 கழகங்கள் ஆடின. இவ்வளவு தூரப் பயணத்தின் செலவைச் சிறு கழகம் எளிதில் தாங்க இயலாது. ஆகவே இளையோரைப் பயிற்றுவிப்பதே நம்பத்தக்க முதலீடாகும். சர்வதேச விதிப்படி, ஆட்டக்காரர் ஒருவர் ஒப்பந்தக் காலத்துக்குள் வேறு நாட்டுக் கழகத்துக்கு மாறும்போது, மாற்றத் தொகையில் 5 சதவீதம், அவரை 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது.

செய்ய வேண்டியவை

2024இல் ஆறு கழகங்களுடன் தொடங்கிய சூப்பர் லீக் கேரளா, கொச்சியின் போர்கா கழகத்துக்கும் இடமளித்தது. முதல் பருவத்தின் இறுதி ஆட்டத்தில் அது கோழிக்கோட்டின் காலிகட் கழகத்திடம் தோற்றது. மாநில அளவில் இத்தகைய லீக்குகள் பயணச் செலவைக் குறைத்து, உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை தருகின்றன. ஆனால் மாநிலத்திலிருந்து தேசிய நிலைக்கு ஏறும் வழியும் தெளிவாக இருத்தல் வேண்டும்.

அரசும் உள்ளாட்சிகளும் மைதானங்களை நியாயமான வாடகைக்கு வழங்கலாம். பள்ளிகள் கழகங்களுடன் இணைந்து பயிற்சி நடத்தலாம். கழகங்கள் வரவுக்கேற்ற சம்பளத் திட்டத்தை வகுக்க வேண்டும். எப்.சி. கொச்சின் மறைந்தபோது ஒரு தலைமுறை இளைஞர்கள் தம் ஊர்க் கழகத்தை இழந்தனர். அந்நிலை மீண்டும் வராமல் காப்பது அனைவரின் பொறுப்பாகும்.