‘கே’ எழுத்தில் தொடங்கும் ஒருத்தர்



இந்த வார எபிசோட்டில் நேரம் போதாமல் பாதியில் விட்ட விசயம் ஒன்று இருக்கு: டிவியில் இறந்தவர்களோடு கதைக்கிறவர்கள். மீடியம் என்று சொல்லுவினம். ஊரில் ஆவியோடு கதைக்கிற ஆட்களைப் பற்றி அம்மம்மா சொல்லக் கேட்டிருப்பீங்கள். இவர்களும் அதேதான், ஆனால் இவர்களுக்கு லைட்டிங் இருக்கு, எடிட்டர் இருக்கு, விளம்பர இடைவேளை இருக்கு.

இது ஏன் ஒரு டெக் பொட்காஸ்டில் என்று இரண்டு பேர் மெசேஜ் போட்டிருந்தீங்கள். எடிட்டிங்கும் டேட்டாவும் இல்லாட்டி இந்தத் தொழில் டிவியில் நிக்காது. அதுதான் காரணம்.

முதலில் பழைய வித்தை. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சை-ஃபை சானலில் ஜோன் எட்வர்ட் என்பவர் நடத்திய ‘குரொசிங் ஓவர்’ பெரிய ஹிட். பிறகு 2011-இல் டிஎல்சி சானலில் ‘லோங் ஐலண்ட் மீடியம்’ வந்தது, தெரேசா கப்பூட்டோவின் நிகழ்ச்சி. இந்த வகை நிகழ்ச்சிகளில் ஒரு மாதிரி இருக்கும். மீடியம் கூட்டத்தின் ஒரு பக்கத்தைக் காட்டி, இங்கே யாருக்கோ ஒரு அப்பா மாதிரியான ஆள் வாறார், பெயர் இந்த எழுத்தில், நெஞ்சுப் பக்கம் ஏதோ வருத்தம் என்று தொடங்குவார். யாரோ ஒருத்தர் கண் கலங்கி எழும்புவார்.

இதைக் கணக்காகப் பாருங்கோ. அரங்கில் 200 பேர் என்று வைப்பம். ஒவ்வொருத்தருக்கும் தெரிந்த, இறந்துபோன ஆட்கள் 20 பேர் என்றால் 4,000 பெயர்கள் அந்த அறைக்குள் இருக்கு. ஸ்கார்பரோவில் ஒரு கலியாண ஹோலில் நின்று ‘கே’ எழுத்தில் ஒரு ஆம்பிளை, நெஞ்சு நோ என்று நான் சொன்னால்? கந்தசாமி, கணேசன், கிருஷ்ணபிள்ளை, குமாரசாமி. அரைவாசி மேசை எழும்பும். எனக்கு ஆவி ஒன்றும் தேவையில்லை.

இதற்குப் பெயர் கோல்ட் ரீடிங். முன்தகவல் எதுவும் இல்லாமல், கேள்வியைச் செய்தி மாதிரிச் சொல்லுறது. ‘ஜூன் மாதம் ஏதாவது முக்கியமோ?’ என்பது கேள்வி. நீங்கள் ‘ஓம், அப்பாவின்ர பிறந்தநாள்’ என்று சொன்ன அடுத்த நிமிசம் அது அவர் சொன்னதாக மாறிவிடும். வேலை முழுக்கச் செய்யிறது கேட்கிற ஆள். அமெரிக்க உளவியலாளர் பேர்ட்ரம் ஃபோரர் 1948-இல் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு பரிசோதனை வைத்தார். ஒவ்வொருத்தருக்கும் ‘உன்னுடைய குணம் பற்றிய அறிக்கை’ என்று ஒரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துது என்று 5-க்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான் தெரிந்தது, எல்லாருக்கும் கிடைத்தது ஒரே தாள். பெரும்பாலும் ஒரு சோதிடப் புத்தகத்தில் இருந்து எடுத்த வசனங்கள்.

அவர்கள் மொக்கு மாணவர்கள் இல்லை. எங்கட மூளை பொருத்தம் தேடுற மெசின், அவ்வளவுதான்.

அடுத்தது எடிட்டிங். பதிவு மணிக்கணக்கில் நீளும், ஒளிபரப்பு அரை மணித்தியாலம். தவறிய எழுத்துகள், தலையை ஆட்டி ‘இல்லை’ என்றவர்கள், எவரும் எழும்பாத அமைதி எல்லாம் வெட்டப்பட்டால் மிஞ்சுறது சரியாக விழுந்தது மட்டும். 2001-இல் டைம் சஞ்சிகையில் வந்த ஒரு கட்டுரையில், எட்வர்டின் நிகழ்ச்சிக்குப் போன ஒருத்தர், தான் ‘இல்லை’ என்று சொன்ன இடங்களில் தான் தலையாட்டுற காட்சி ஒட்டப்பட்டிருந்ததாகச் சொன்னார். எட்வர்ட் தரப்பு தாங்கள் ஏமாற்றவில்லை என்று மறுத்தது. யார் சொல்லுறது சரி என்று நீங்களே யோசியுங்கோ. ஆனால் டிக்டொக்கில் ஒரு நிமிச வீடியோ வெட்டின எவருக்கும் அது எவ்வளவு சுகமான வேலை என்று தெரியும்.

மூன்றாவதுதான் எங்கட ஏரியா: ஹொட் ரீடிங். முன்கூட்டியே தகவலைத் தேடி வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் இதுக்கு ஆள் வைத்துக் கியூவில் நிக்கிறவர்களின் கதையை ஒட்டுக்கேட்க வேணும். இப்ப டிக்கெட் வாங்கேக்க நீங்கள் கொடுக்கிற பெயரே போதும்.

2017-இல் சூசன் கேர்பிக் என்ற சந்தேகவாதி ஒரு பொறி வைத்தார். போலிப் பெயரில் ஃபேஸ்புக் கணக்குகள். அதில் இல்லாத குடும்பம், இல்லாத மரணங்கள். இதில் கெட்டித்தனம் என்னெண்டால், அந்தக் கணக்குகளை நிரப்பினது வேறு ஆட்கள். உள்ளே என்ன எழுதியிருக்கு என்று நிகழ்ச்சிக்குப் போன கேர்பிக்குக்கே தெரியாது. ஆகவே ‘உன்ர மனதை வாசித்தேன்’ என்று ஒருத்தரும் பிறகு சொல்ல ஏலாது. தோமஸ் ஜோன் என்ற மீடியம் அன்றைக்கு மேடையில் அவருக்கு, கணையப் புற்றுநோயில் இறந்த இரட்டைச் சகோதரனைக் கொண்டு வந்தார். கேர்பிக்குக்கு அப்படி ஒரு சகோதரன் இல்லை. ஃபேஸ்புக்கில் மட்டும் இருந்தார். 2019-இல் நியூயோர்க் டைம்ஸ் மகசீன் இதை விரிவாக எழுதியது. தான் ஃபேஸ்புக்கைப் பார்க்கவில்லை என்று ஜோன் மறுத்தார். இடையில் 2018-இல் அவருக்கு லைஃப்டைம் சானலில் சொந்த நிகழ்ச்சியும் வந்திருந்தது.

இதுவரைக்கும் சிரிக்கலாம். அப்பாவை இழந்த ஒரு மகளுக்கு ‘அவர் உன்னில பெருமைப்படுறார்’ என்று ஒருத்தர் சொல்ல, அவள் காசு கொடுத்துக் கொஞ்சம் அழுது நிம்மதியாக வீட்ட போனால், எனக்கு அதில் பெரிய கோபம் இல்லை. என் பிரச்சினை வேறு: இறந்தாரா என்றே தெரியாத ஆளைப் பற்றிச் சொல்லும்போது.

2003 ஏப்ரலில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் அமான்டா பெரி என்ற பெண் காணாமல் போனாள். 17 வயது ஆக ஒரு நாள் இருந்தது. 2004-இல் அவளுடைய தாய் மொன்டெல் வில்லியம்ஸ் டோக் ஷோவுக்குப் போனார். அந்த நிகழ்ச்சிக்கு அடிக்கடி வருகிற சில்வியா பிரவுன் என்ற சைக்கிக், மகள் உயிரோடு இல்லை என்று கமெராவுக்கு முன்னால் சொன்னார். தாய் அதைப் பெரும்பாலும் நம்பினார். 2006-இல் இறந்தார். 2013 மே மாதம் அமான்டா தன்னை அடைத்து வைத்திருந்த வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு உயிரோடு வெளியே வந்தாள். தாய் அதைக் காணவில்லை.

எங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தெருவோரப் போராட்டத்தின் படங்களை நீங்கள் பார்த்திருப்பீங்கள். அந்தத் தாய்மாரின் சகோதரிகளும் மச்சாள்மாரும் எங்கட வீடுகளில் இருக்கினம். கிழக்கில் போர்க்காலத்தில் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்டுப் போன குடும்பங்கள் ஏராளம். சாத்திரியிடம் குறிப்பைக் கொண்டு போய் ‘ஆள் இருக்கோ’ என்று கேட்ட வீடுகளும் அப்படித்தான்.

என்ர மாமியின் தம்பி 2009-க்குப் பிறகு எங்கே என்று தெரியாது. போன வருசம் அவ டிவியில் ஒரு மீடியத்தைப் பார்த்துவிட்டு, ‘தம்பி, அந்த மனிசி இங்க வாறாவாம், எனக்கு ஒரு டிக்கெட் எடுத்துத் தாவன்’ என்று கேட்டா. நான் கோல்ட் ரீடிங், எடிட்டிங் எல்லாம் விளங்கப்படுத்தினன். அவ பொறுமையாகக் கேட்டா. பிறகு அமான்டாவின் கதையைச் சொன்னன். மாமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: ‘பத்து வருசத்துக்குப் பிறகும் உயிரோட வந்தவளோ?’

நான் என்ன நினைச்சுச் சொன்னன், அவ எதை எடுத்தா. டிக்கெட் மட்டும் பிறகு கேட்கவில்லை.

கடைசியாக, எபிசோட்டில் கேட்ட ஏஐ கேள்விக்கு ஒரு சின்னப் பதில். 2020-இல் தென் கொரியாவின் எம்பிசி டிவி ஒரு ஆவணப்படம் போட்டது. இறந்துபோன 7 வயது மகளின் உருவத்தைக் கம்ப்யூட்டரில் உருவாக்கி, தாய்க்கு விஆர் ஹெட்செட்டும் கையுறையும் போட்டுச் சந்திக்க வைத்தார்கள். பார்க்கவே ஏலாமல் இருக்கும். கமெரா வைத்து அந்தக் கண்ணீரை ஒளிபரப்பியது சரியா என்பதில் எனக்கு இன்னும் கேள்வி இருக்கு. ஆனால் அது பிள்ளையின் ஆவி என்று எவரும் அந்தத் தாய்க்குச் சொல்லவில்லை. இப்ப வாற, இறந்தவரின் வட்சப் மெசேஜையும் குரலையும் கொடுத்தால் அவர் மாதிரிக் கதைக்கிற செயலிகளும் ஒரு வகையில் ஹொட் ரீடிங்தான். தகவல் உங்களிடம் இருந்தே போகுது, பொருத்தத்தை உங்கட மூளையே கண்டுபிடிக்குது. மீடியத்துக்கும் அதுக்கும் இருக்கிற ஒரே பெரிய வித்தியாசம், தகவல் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும் என்பது. அதை மறக்கடிக்கிற மாதிரி ஒரு கொம்பனி விளம்பரம் செய்தால் அப்ப கதை வேறு.

வீட்டில் ஒரு சின்ன வேலை: யூடியூப்பில் ஏதாவது ஒரு மீடியம் கிளிப்பைப் போட்டு, மீடியம் கேட்கிற கேள்விகளை ஒரு தாளில் எண்ணுங்கோ. பக்கத்தில், எதிரில் இருக்கிறவர் தானாகச் சொல்லுற தகவல்களையும் எண்ணுங்கோ. இரண்டு எண்ணையும் வொய்ஸ் நோட்டில் அனுப்பினால் அடுத்த வாரம் வாசிக்கிறம்.