விளையாடும்போது அணையும் கணினி: வெப்பமா, மின்சாரமா?

மாணவர்களே, விளையாட்டு விறுவிறுப்பாகப் போய்க்கொண்டிருக்கும் வேளையில் உங்கள் கணினி பட்டென்று அணைந்திருக்கிறதா? திரை இருண்டு, மின்விசிறிகளின் இரைச்சலும் நின்றுபோகும். ஆனால், பள்ளிப்பாடம் தட்டச்சு செய்யும்போது அதே கணினி மணிக்கணக்கில் ஓடும்.

உடனே "கிராபிக் கார்டு கெட்டுப்போச்சுப்பா, புதுசு வாங்கணும்" என்று அப்பாவிடம் கேட்டுவிடாதீர்கள். கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் நல்ல கார்டு ஒன்றுக்கு ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேலும் ஆகலாம். அதை மாற்றிய பிறகும் கணினி அணைந்தால் பணம் வீண்தானே? முதலில் காரணத்தைக் கண்டுபிடிப்போம்.

கணினியின் தற்காப்பு

திடீரென்று அணைவது பெரும்பாலும் கணினி தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. 2001-இல் 'டாம்ஸ் ஹார்ட்வேர்' என்ற கணினித் தளம் ஒரு சோதனை செய்தது. ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளின் செயலிகள் மேலிருந்த வெப்பம் கடத்தும் உலோகத் தொகுதியைக் கழற்றினார்கள். பெண்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துத் தப்பியது. அத்லான் செயலியோ நொடிப்பொழுதில் புகைந்து கருகியது. இன்றைய செயலிகளில் பல, 100 பாகை செல்சியசை ஒட்டி வேகத்தைக் குறைக்கும். வெப்பம் அதையும் மீறினால் கணினியையே அணைத்துவிடும்.

நம் வானிலையும் இதில் சேர்ந்துகொள்கிறது. குளிரூட்டிய அறை 24 பாகை என்றால், கிள்ளானில் பிற்பகல் வேளையில் குளிரூட்டி இல்லாத அறை 33 பாகை இருக்கும். அறை 9 பாகை சூடானால் செயலியும் ஏறக்குறைய அதே அளவு சூடாகும். விசிறியில் தூசி அடைந்திருந்தால் இன்னும் மோசம்.

இரண்டாவது காவலர் பவர் சப்ளை. திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம் என்ற சூத்திரம் உங்களுக்குத் தெரியும். 300 வாட் கிராபிக் கார்டு 12 வோல்ட்டில் இயங்க 25 ஆம்பியர் தேவை. சில மில்லிவினாடிகளுக்கு அது இன்னும் அதிகமாக இழுக்கும். பவர் சப்ளையால் தாங்க முடியாவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

தடயங்கள்

• 20, 30 நிமிடம் விளையாடிய பிறகு காட்சிகள் திக்கித் திணறி, விசிறி அலறி, பின்னர் அணைகிறதா? வெப்பத்தைச் சந்தேகியுங்கள்.

• எந்தத் திணறலும் இல்லாமல், கனமான காட்சி வந்தவுடன் அணைகிறதா? பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள்.

• அறை விளக்கும் மங்குகிறதா? வீட்டின் மின்னிணைப்பைப் பெரியவர்கள் மூலம் சரிபாருங்கள்.

சோதித்துப் பாருங்கள்

தமிழ்ப்பள்ளியில் படித்த மாறிகள் நினைவிருக்கிறதா? கணினியை நேராகச் சுவர் மின்செருகியில் இணையுங்கள். முதல் நாள் வழக்கம்போல் விளையாடி, எத்தனை நிமிடத்தில் அணைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றியபின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, மேசை விசிறியின் காற்று உள்ளே படும்படி வையுங்கள். கம்பியை மீண்டும் செருகி விளையாடுங்கள், உள்ளே கைவைக்காதீர்கள்.

காற்று தற்சார்பு மாறி; அணையும் நேரம் சார்பு மாறி. அதே விளையாட்டு, அதே அமைப்பு, அதே வேளை ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். ஒரே நாளில் மூடியையும் திறந்து, விளையாட்டின் தரத்தையும் குறைத்தால், எதனால் பலன் கிடைத்தது என்று சொல்ல முடியாது.

இரண்டாம் நாள் நெடுநேரம் ஓடினால் வெப்பமே காரணம். தூசியை அகற்றி, செயலியின் வெப்பப் பசையைக் கடைக்காரரிடம் மாற்றச் சொன்னாலே போதலாம். நேரம் மாறவில்லையா? மூன்றாம் நாள் மூடியை மூடிவிட்டுக் காட்சித் தரத்தை மட்டும் குறையுங்கள். இப்போது அணையாமல் ஓடினால் பவர் சப்ளை போதவில்லை என்றே எண்ண இடமுண்டு. கடையில் வேறொன்றைப் பொருத்திப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எச்சரிக்கை: பவர் சப்ளை பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதன் உச்சம் ஏறக்குறைய 325 வோல்ட். அந்தப் பெட்டியிலுள்ள மின்தேக்கிகள் கம்பியைக் கழற்றிய பிறகும் அந்த மின்னேற்றத்தை வைத்திருக்கக்கூடும். அது உயிரையே பறிக்கும். இடிமின்னல் நேரத்திலும் சோதனை வேண்டாம்.

மூன்று நாள் குறிப்புகளையும் கடைக்குக் கொண்டு போங்கள். எதை மாற்ற வேண்டும் என்று உங்களால் காரணத்தோடு பேச முடியும். ஒருவேளை எதையுமே வாங்க வேண்டியிருக்காது!