கடன் வாங்கிய உடம்பு: ‘அரைஸ்’ தொட்டதும் தவறவிட்டதும்

‘கோஸ்ட் இன் த ஷெல்’ கதையை மறுபடியும் ஒரு தொடராக எடுக்கப்போவதாக ஜப்பானின் சயன்ஸ் சாரு ஸ்டூடியோ 2024இல் அறிவித்தது. அதிலிருந்து எங்கட இளசுகள் என்னிடம் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வி இருக்கிறது. “இவ்வளவு படம், இவ்வளவு தொடர் இருக்கே, எதிலயிருந்து தொடங்கிறது?”

கேள்வி நியாயமானதுதான். கதை நடக்கும் வரிசையில் பார்த்தால் ‘அரைஸ்’தான் முதலில் வரவேண்டும். நாயகி மோட்டோகோ குசனாகி புகழ்பெற்ற ‘மேஜர்’ ஆவதற்கு முந்தைய கதை அது. ஆனாலும் அதிலிருந்து தொடங்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். அதற்காக அதைப் பார்க்காமல் விட்டுவிடவும் வேண்டாம். இந்தக் குடும்பத்தின் மற்றப் படைப்புகள் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போன ஒரு விஷயத்தை ‘அரைஸ்’ கதையின் நடுவில் தூக்கி வைத்தது. பிறகு அதைத் தானே கீழே போட்டுவிட்டது. அந்த இரண்டையும் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்காக முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மசமுனே ஷிரோ 1989இல் வரையத் தொடங்கிய மங்கா இது. மனித மூளையை நேரடியாக வலையமைப்போடு இணைக்கலாம், கை கால் மட்டுமல்ல முழு உடம்பையுமே இயந்திரமாக மாற்றிக்கொள்ளலாம் என்ற ஒரு எதிர்காலம். அந்த உடம்புதான் ‘ஷெல்’, அதாவது ஓடு. அதற்குள் மிஞ்சியிருக்கும் ஆன்மாவுக்குப் பெயர் ‘கோஸ்ட்’. மமோரு ஓஷி 1995இல் இதைத் திரைப்படமாக்கினார். பிறகு கெஞ்சி கமியாமா 2002இல் ‘ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கினார். ஃபிரான்சில் தொண்ணூறுகளில் பள்ளி முடிந்து வந்து ‘க்ளப் டொரொத்தே’ நிகழ்ச்சியில் ஜப்பானியக் கார்ட்டூன் பார்த்து வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு, ஓஷியின் படம்தான் அனிமே என்பது பெரியவர்களுக்கும் உரியது என்று காட்டியது.

‘அரைஸ்’ வந்தது 2013இல். 2014 செப்டம்பருக்குள் ஏறக்குறைய ஒரு மணி நேர அளவில் நான்கு படங்கள் வெளிவந்தன. 2015இல் அவற்றைத் தொலைக்காட்சிக்கு ஏற்றபடி வெட்டி, புதிதாக ஒரு இரண்டு பகுதிக் கதையும் சேர்த்துப் பத்து அத்தியாயங்களாக்கினார்கள். அதே ஆண்டு ஜூனில் ‘த நியூ மூவி’ என்ற முழுநீளப் படம் அந்தக் கதையை முடித்துவைத்தது. தயாரிப்பு பழைய புரொடக்ஷன் ஐ.ஜி. நிறுவனம்தான். தலைமை இயக்குநர் கஸுச்சிகா கிசே, எழுதியவர் தோ உபுகட்டா. காலம் 2027, பெரும் போரொன்று முடிந்த மறு ஆண்டு.

முதல் படமான ‘கோஸ்ட் பெய்ன்’ ஒரு மயானத்தில் தொடங்குகிறது. மோட்டோகோவின் மேலதிகாரி மமுரோ கொல்லப்பட்டிருக்கிறார். லஞ்சம் வாங்கியவர் என்று அவர்மேல் பழி. அரமாகி என்ற அதிகாரி விசாரணைக்காகப் பிணத்தைத் தோண்டியெடுக்க வருகிறார், மோட்டோகோ எதிர்த்து நிற்கிறாள். போகப்போக அவளுடைய நிலைமை எங்களுக்குத் தெரியவருகிறது. பிறப்பதற்கு முன்பே அவள் மூளை இயந்திர உடம்புக்கு மாற்றப்பட்டுவிட்டது. சொந்தச் சதையில் ஒரு நாள்கூட வாழ்ந்தவள் அல்ல. அந்த உடம்பும் அவளுடையதல்ல. அது 501 என்ற இராணுவ அமைப்பின் சொத்து. அவர்களை விட்டு விலகவேண்டுமானால் கையையும் காலையும் முகத்தையும் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

1995 படத்திலும் இது இருக்கிறது. வேலையை விட்டால் இயந்திர உடம்பையும் வேலைக்கால நினைவுகளையும் அரசாங்கத்திடம் ஒப்படைக்கவேண்டும் என்று மோட்டோகோவே ஒரு உரையாடலில் சொல்கிறாள். ஆனால் ஓஷிக்கு அது ஒரு தத்துவக் கேள்விக்கான படிக்கட்டு மட்டும்தான். ‘அரைஸ்’ அதை ஒரு இளம்பெண்ணின் அன்றாடப் பிரச்சினையாக மாற்றியது. ‘நான் யார்’ என்று கேட்பதற்கு முன்னால் ‘நான் யாருக்குச் சொந்தம்’ என்று அவள் கேட்கவேண்டியிருக்கிறது.

புலம்பெயர்ந்த எங்களுக்கு இதை விளங்கிக்கொள்ளப் பெரிய கற்பனை தேவையில்லை. முதலாளி ஒரு கடிதம் தராவிட்டால் விசா புதுப்பிக்க முடியாது என்ற நிலையில் வருசக்கணக்காக உணவகக் குசினிகளில் நின்றவர்கள் எங்கள் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். உழைப்பு அவர்களுடையது, ஆனால் இந்த நாட்டில் நிற்கிற உரிமை இன்னொருத்தர் கையில். மோட்டோகோவின் கதை எங்களுக்காக எழுதப்பட்டது என்று நான் சொல்லவரவில்லை. அது ஜப்பானியக் கதை, போருக்குப் பிந்தைய இராணுவத்தைப் பற்றிய கதை. ஆனாலும் விலகிப்போகும் சுதந்திரம் இல்லாதவனுக்கு விசுவாசம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அந்தப் படம் கேட்கும்போது, அந்தக் கேள்வி எனக்கு அந்நியமாகப் படவில்லை.

‘அரைஸ்’ஸின் நல்ல பக்கம் இத்தோடு முடியவில்லை. இதில் வரும் மோட்டோகோ தோற்கக்கூடியவள். ஓஷியின் மேஜர் எல்லாம் தெரிந்து களைத்துப்போனவள், கமியாமாவின் மேஜர் எப்போதும் ஒரு படி முன்னால் நிற்பவள். இவளோ அவசரப்படுகிறாள், கோபப்படுகிறாள், அடி வாங்குகிறாள். முன்பு அட்சுகோ தனாகாவின் ஆழமான குரலில் கேட்டுப் பழகிய பாத்திரத்துக்கு இங்கே மாயா சகமோட்டோ பேசியிருக்கிறார். 1995 படத்தில் சிறுமி வடிவ மோட்டோகோவுக்குக் குரல் கொடுத்தவரும் இவர்தான். பொருத்தமான தேர்வு. கெஞ்சி கவாயின் கோயில் மணியோசை போன்ற இசையையோ யோகோ கன்னோவின் பாடல்களையோ போலச் செய்யாமல், கொர்னேலியஸ் குளிர்ந்த, உடைந்த மின்னணு ஒலிகளால் தனியாக ஒரு உலகத்தைக் கட்டியிருக்கிறார்.

இரண்டாவது படத்தில் ஒரு நல்ல யோசனையும் உண்டு. பின்னாளில் மோட்டோகோவின் வலதுகையாகப் போகும் பாட்டோ, இஷிகாவா, போர்மா எல்லோரும் எதிரணியில் நிற்கிறார்கள். நண்பர்களாகத்தான் முடிவார்கள் என்று தெரிந்திருந்தும், அந்த மோதலில் ஒரு சூடு இருக்கிறது.

இனிச் சறுக்கலுக்கு வருகிறேன். முதலாவது, பொய் நினைவு என்ற சரக்கை இவர்கள் அளவுக்கு மீறி விற்றுவிட்டார்கள். 1995 படத்தில் ஒரு குப்பை அள்ளும் தொழிலாளி வருகிறான். மனைவி, மகள் என்று அவன் உருகுவதெல்லாம் மூளைக்குள் யாரோ திணித்த பொய். அவன் காட்டித் திரிந்த புகைப்படத்தில் மனைவியும் இல்லை, மகளும் இல்லை. சில நிமிடக் காட்சிதான், ஆனால் இருபது வருசம் கழித்தும் மறக்கமுடியாது. காரணம், அதை ஒரு தடவைதான் செய்தார்கள்.

‘அரைஸ்’ஸில் ‘ஃபயர் ஸ்டார்ட்டர்’ என்ற வைரஸ் ஆளாளுக்குப் பொய் நினைவுகளைப் புகுத்திக்கொண்டே போகிறது. முதல் படத்தில் மோட்டோகோவின் நினைவிலேயே பொய் கலந்திருக்கிறது என்று தெரியவரும்போது தூக்கிவாரிப் போடுகிறது. அடுத்த படத்திலும் அதே வித்தை வரும்போது, ‘ஓ, இதுவுமா’ என்று ஆகிவிடுகிறது. பிறகு எந்தப் பாத்திரம் எதைச் சொல்லி அழுதாலும், ‘கொஞ்சம் பொறு, இதுவும் பொய்யாகத்தான் இருக்கும்’ என்று மனம் தள்ளி நிற்கிறது. பார்ப்பவர் எதையும் நம்பாமல் போனால் பிறகு அவரை ஏமாற்றவும் முடியாது, அழவைக்கவும் முடியாது.

இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. அந்தக் கடன் வாங்கிய உடம்பை என்ன செய்தார்கள்? முதல் படம் முடியும்போது மோட்டோகோ 501இன் பிடியிலிருந்து விலகி, அரமாகியின் பக்கம் வந்துவிடுகிறாள். அவ்வளவுதான், அந்தப் பிரச்சினை பின்வரிசைக்குப் போய்விடுகிறது. ஒரு எசமானிடமிருந்து இன்னொரு எசமானிடம் போனவள் உண்மையில் விடுதலை அடைந்தாளா என்று கேட்டிருக்க வேண்டாமா? அதற்குப் பதிலாகப் போர்க்குற்ற வழக்கு, தண்ணீர் அரசியல், தீவிரவாதிகள் என்று படத்துக்குப் படம் புதுப்புது முடிச்சுகள் வருகின்றன. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் அவிழ்க்கவேண்டும் என்பதால் பாத்திரங்கள் ஓடிக்கொண்டே விளக்கம் சொல்கிறார்கள். மூன்றாவது படத்தில் மோட்டோகோவுக்கு ஒரு காதலன் வருகிறான், செயற்கை உடம்புத் துறைப் பொறியாளன். அவளுடைய உடம்பின் கதையைச் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. அந்தக் காதலையும் அவசர அவசரமாக ஒரு துப்பறியும் புதிருக்கு இரையாக்கிவிட்டார்கள்.

‘த நியூ மூவி’ வரும்போதுதான் பழைய நூலைத் திரும்பப் பிடிக்கிறார்கள். தொழில்நுட்பத் தரம் மாறும்போது பழைய ரக உடம்புகளுக்கு இனிப் பராமரிப்பே கிடைக்காது. அப்படிக் கைவிடப்படும் மனிதர்களின் நிலைக்கு ‘டெட் எண்ட்’ என்று பெயர். எவ்வளவு கூர்மையான யோசனை! இரண்டு மூன்று வருசத்தில் அப்டேட் நின்றுபோகும் கைபேசியை எல்லோரும் வைத்திருக்கிறோம். அந்தக் கைபேசி உங்கள் உடம்பாக இருந்தால் எப்படியிருக்கும்? ஆனால் பிரதமர் கொலை, பழைய 501 கணக்கு, பெரிய பெரிய சண்டைகள் என்ற நெரிசலில் அந்தக் கைவிடப்பட்டவர்களில் ஒருவரைக்கூட நாங்கள் நெருங்கி அறிய முடியவில்லை. அந்தக் குப்பை அள்ளும் தொழிலாளியைப் போல ஒருத்தர் இருந்திருந்தால் போதும், படமே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

பூர்வகதை என்றாலே எல்லோருக்கும் முடிவு தெரியும், பிறகு அதில் என்ன சுவாரசியம் என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. கமியாமாவின் தொடரில் இரண்டாவது பருவத்தில் ஒரே ஒரு அத்தியாயம் மோட்டோகோவின் சிறுவயதைச் சொல்கிறது. விமான விபத்தில் தப்பிய ஒரு சிறுமி, ஒரு சிறுவன். அவனுக்கு இடதுகை மட்டும்தான் அசையும், அந்தக் கையால் காகிதக் கொக்கு மடிக்கிறான். முழு இயந்திர உடம்போடு அவள் வந்து நிற்கும்போது, அந்தப் புதிய விரல்களால் ஒரு கொக்கைக்கூட அவளால் மடிக்கமுடியவில்லை. பெலத்த கைகளுக்கு மெல்லிய காகிதம் அகப்படவில்லை. அரை மணி நேரத்துக்கும் குறைவான அந்த அத்தியாயம் சொன்னதை, நான்கு படமும் ஒரு முழுநீளப் படமும் சேர்ந்து சொல்லவில்லை. அணி எப்படிச் சேர்ந்தது, யார் யாரை எங்கே சந்தித்தார்கள் என்று ‘அரைஸ்’ வரவு வைத்துக்கொண்டே போகிறது. கொக்கு மடிக்கத் தெரியாத அந்த விரல்களைப் போல ஒன்றை மட்டும் அது காட்டவில்லை.

‘த நியூ மூவி’யின் கடைசிக் காட்சி 1995 படத்தின் புகழ்பெற்ற தொடக்கக் காட்சியின் வாசலில் கொண்டுபோய் விடுகிறது. ரசிகர்களுக்கு மெய்சிலிர்க்கும் இடம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால், இந்த மோட்டோகோவுக்கும் அந்த மோட்டோகோவுக்கும் பெயரைத் தவிரப் பெரிய ஒற்றுமை இல்லை. சொந்தக் கேள்வியோடு தொடங்கிய ஒரு படைப்பு, கடைசியில் மூத்த அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்று அடையாளம் தேடுகிறது. கடன் வாங்கிய உடம்பைப் பற்றிப் பேசவந்த கதை, கடன் வாங்கிய முடிவோடு முடிந்துபோனது.

ஆகவே தம்பிமார், தங்கச்சிமார், என் ஆலோசனை இதுதான். முதலில் 1995 படத்தைப் பாருங்கள். பிறகு ‘ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்’ இரண்டு பருவங்களையும் பாருங்கள். அதற்குப் பிறகு ‘அரைஸ்’ஸின் முதல் படத்தை மட்டும், ஒரு தனிப்படமாக நினைத்து, ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். வீட்டில் அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருந்தால், உடம்பே தன் சொந்தமில்லாத ஒருத்தியின் கதை என்று சொல்லி அவர்களையும் இருத்துங்கள். கார்ட்டூன் என்று முகம் சுளித்தாலும், விலகிப்போக முடியாத வேலை என்றால் என்ன என்று உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.